திறக்காமல் பார்த்த இதயம்: துடிப்பின் வரைபடத்துக்கு ஒரு சின்ன வரலாறு

மவுசாகலை நீர்த்தேக்கத்துல தண்ணி இறங்குற மாசங்கள்ல பழைய மஸ்கெலியா மேலே வரும். அணை கட்டித் தண்ணி ஏறினபோது, 1969 அளவில், கடைவீதியும் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் உள்ளே போய்விட்டன. நல்ல வரட்சி அடிச்சா இன்றைக்கும் சுவர்கள் தெரியும். நாங்களும் போய்ப் போனில் படம் எடுத்திருக்கிறோம். ஆனால் தண்ணி நிறைஞ்சு நிக்கிறப்பவும் கரையில நின்னு, "அந்தா, அங்கதான் கோயிலு, அதுக்கு இந்தப் பக்கம் கடைவீதி" என்று கையை நீட்டிக் காட்டுகிற தாத்தாமார் நம்ம ஊரில் இன்னமும் இருக்கிறார்கள். சுத்தி இருக்கிற மலைகளையும் ரோட்டையும் கணக்குவைத்துத்தான் அவர்கள் அந்த இடத்தைச் சொல்கிறார்கள். தண்ணியைத் திறந்து பார்க்கத் தேவையில்லை.

இந்தக் கட்டுரை அணையைப் பற்றியது இல்லை. நெஞ்சைத் திறக்காமல், உள்ளே குழாய் விடாமல், இதயத்தின் துடிப்பு எங்கே தடம் மாறுகிறது என்று வெளியில் இருந்தே வரைபடம் போட்டுப் பார்க்கிற ஒரு முறையைப் பற்றியது. இதை நாங்கள் தேடிப் படிக்க ஒரு காரணம் இருக்கு.

எங்கள் குழுவில் ஒருத்தரின் அம்மா கொழுந்து எடுக்கிறவர். மலையில நிக்கும்போது திடீர்னு நெஞ்சுக்குள்ள கோழி இறக்கை அடிக்கிற மாதிரி இருக்கும் என்பார். கண்ணு இருட்டும், உட்கார்ந்துவிடுவார். தோட்டத்தில் இருந்து இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று ஈ.சி.ஜி. எடுக்கும்போது எல்லாம் அடங்கியிருக்கும். தாளில் கோடு ஒழுங்காக ஓடும். "ஒன்னுமில்லம்மா, வீணா பயப்படாதீங்க" என்று அனுப்பிவிடுவார்கள். மூணு வருஷத்தில் மூணு தடவை இப்படி நடந்தது. மூணாவது தடவைக்குப் பிறகு லயத்தில் இருந்தவர்களே "அவுங்களுக்கு நரம்புத் தளர்ச்சி" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த "ஒன்னுமில்ல" உண்மையில் என்ன அர்த்தம்? "அந்த நிமிஷத்தில், அந்தக் கருவிக்கு, ஒன்னும் தெரியவில்லை" என்பதுதான். இதயத் துடிப்பின் கோளாறுகளைக் கண்டுபிடித்த வரலாறு முழுக்க, ஒரு கருவி "ஒன்னுமில்ல" என்று சொன்ன இடத்தில் அடுத்த கருவி எதையாவது பார்த்த வரலாறுதான்.

இதயத்துக்குள்ள கரண்ட்

முதலில் கொஞ்சம் விஞ்ஞானம். இதயம் தசையால் ஆன ஒரு பம்ப். அந்தத் தசை சுருங்குவதற்கு முன்னால் அதன் மேல் ஒரு மின்அலை ஓட வேண்டும். வலது சோணையறையின் மேல்பக்கத்தில் உள்ள ஒரு சின்னத் திசுத் திட்டில் இருந்து அந்த அலை புறப்படும். 1907ல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இருவர் அந்தத் திட்டை அடையாளம் கண்டார்கள். அலை இரண்டு சோணையறைகளிலும் பரவி, நடுவில் ஒரு வாசலில் கொஞ்சம் தாமதித்து, பிறகு கீழே உள்ள இதயவறைகளுக்கு இறங்கும். அந்த வாசலைச் சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர் 1906ல் விவரித்தார்.

இந்தப் பாதையில் கோளாறு பல விதமாக வரலாம். வாசலைத் தவிர இன்னொரு கள்ளப்பாதை பிறவியிலேயே இருக்கலாம். அலை ஒரே வட்டத்தில் சுத்திச் சுத்தி ஓடலாம். பழைய தழும்பு இருக்கிற இடத்தைச் சுற்றி ஓடலாம். சோணையறை முழுவதும் ஒழுங்கே இல்லாமல் நடுங்கலாம். எல்லாமே வெளியில் ஒரே மாதிரிதான் தெரியும்: படபடப்பு, மயக்கம், மூச்சு வாங்குதல். ஆனால் வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் வேறு. அதனால்தான் "துடிப்பு சரியில்லை" என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்த இடத்தில் சரியில்லை என்றும் தெரிய வேண்டும். அதற்குத்தான் வரைபடம்.

ஒரு ஆலை நகரத்து டொக்டர்

நாடி பிடித்துப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. வெளியில் இருந்து இதயத்தை வாசிக்கிற ஆகப் பழைய முறை அதுதான். அந்த நாடியைக் கோடாக மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் மெக்கென்சி. பெரிய ஆய்வுகூடமோ பேராசிரியர் பதவியோ இல்லாதவர். இங்கிலாந்தில் பேர்ன்லி என்ற பருத்தி ஆலை நகரத்தில் சாதாரணக் குடும்ப வைத்தியராக இருந்தவர். அவரிடம் வந்தவர்களில் பெரும்பகுதி ஆலைத் தொழிலாளர்கள். கை நாடியையும் கழுத்து நரம்பின் துடிப்பையும் ஒரே நேரத்தில் தாளில் பதிகிற பொலிகிராஃப் என்ற கருவியை அவர் உருவாக்கினார். அதன் மை எழுதும் வடிவத்தை ஒரு கடிகாரம் செய்பவரின் உதவியோடு செய்துகொண்டார்.

மெக்கென்சியின் பலம் கருவியில் மட்டும் இல்லை, ஒரே நோயாளியைப் பல வருஷங்கள் தொடர்ந்து பார்த்ததில் இருந்தது. ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிப்போன ஒரு பெண்ணை அவர் வருஷக்கணக்கில் கவனித்து வந்தார். 1890களின் கடைசியில் ஒருநாள் அந்தப் பெண்ணின் துடிப்பு ஒழுங்கு கெட்டுப்போனது. அதோடு, கழுத்துக் கோட்டில் சோணையறை சுருங்குவதைக் காட்டும் சின்ன அலை காணாமல் போயிருந்தது. சோணையறை வேலையை நிறுத்திவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. காரணம் அப்போது அவருக்குத் தெரியவில்லை. அது 1909ல் தெளிவாயிற்று. லண்டனில் தோமஸ் லூயிஸும் வியன்னாவில் ரோத்பேர்கர், வின்டர்பேர்க் என்ற இருவரும், அந்தச் சோணையறை நின்றுபோகவில்லை, ஒழுங்கில்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கிறது என்று மின்பதிவு மூலம் காட்டினார்கள். இன்றைக்கு உலகத்தில் மிகப் பரவலாக இருக்கும் துடிப்புக் கோளாறுகளில் ஒன்று அது. ரத்தம் கட்டி மூளைக்குப் போய்ப் பாரிசவாதம் வருவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ருமாட்டிக் காய்ச்சல் தொண்டைப் புண்ணில் தொடங்குகிறது. நெருக்கமாக, காற்றோட்டம் இல்லாமல் பல பேர் ஒரே அறையில் வாழ்கிற இடங்களில் அந்தத் தொண்டைப் புண் எளிதாகப் பரவும். பேர்ன்லியின் ஆலைக் குடியிருப்புகளுக்குப் பொருந்துகிற இந்த வாக்கியம் நம்ம லயத்துக் காம்பராக்களுக்கும் அப்படியே பொருந்தும். இதயத்தின் வரைபடத்தில் முதல் புள்ளிகளை வைத்தது ஒரு தொழிலாளர் நகரத்து நோய்தான்.

நாயும் உப்புத்தண்ணியும் டெலிபோன் கம்பியும்

மெக்கென்சி பதிந்தது துடிப்பின் அசைவை. மின்அலையையே பதிவது வேறு கதை. 1887ல் லண்டனில் ஒகஸ்டஸ் வோலர் என்பவர், பாதரசம் ஏறி இறங்கும் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயை வைத்து, மனித இதயத்தின் மின்சாரத்தை உடம்புக்கு வெளியே முதன்முதலாகப் பதிந்து காட்டினார். பார்க்க வந்தவர்களுக்கு அவர் தன் நாய் ஜிம்மியை வைத்தும் செய்துகாட்டுவார். நாய் தன் கால்களை உப்புத்தண்ணிக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு நிற்கும். வோலர் இன்னொன்றும் செய்தார். மனித உடம்பின் படத்தை வரைந்து, இதயத்தின் மின்னழுத்தம் அதன் மேல் எப்படிப் பரவியிருக்கும் என்று கோடுகள் போட்டார். உடம்பின் மேற்பரப்பில் இதயத்துக்குப் போட்ட ஆரம்ப வரைபடம் என்று அதைச் சொல்லலாம். ஆனால் இது வைத்தியத்துக்கு உடனே உதவும் என்று அவரே பெரிதாக நம்பவில்லை.

நம்பியவர் வில்லெம் ஐந்தோவன். 1860ல் ஜாவாத் தீவின் செமராங்கில் பிறந்தவர். அப்போது ஜாவா டச்சுக்காரர்களின் தோட்டக் காலனி, இலங்கை வெள்ளைக்காரத் துரைமாரின் கோப்பித் தோட்டம். அவருடைய அப்பா அங்கே வைத்தியராக இருந்தார். அப்பா இறந்த பிறகு குடும்பம் நெதர்லாந்துக்குத் திரும்பியது. லைடன் நகரத்தில் ஐந்தோவன் 1901ல் அறிவித்த கருவியின் உயிர், வெள்ளி பூசிய மிக மெல்லிய குவார்ட்ஸ் இழை. பெரிய மின்காந்தத்தின் நடுவே அந்த இழையைத் தொங்கவிட்டு, இதயத்தின் மின்சாரத்தை அதில் செலுத்தினால் இழை அசையும். அந்த நிழலைப் படமாகப் பதிவார்கள். கருவியின் எடை கிட்டத்தட்ட 270 கிலோ. அதை இயக்க 5 பேர் தேவைப்பட்டார்கள். நோயாளி இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத்தண்ணி வாளியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

இந்தக் கருவியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நோயாளிகளை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிவருவதும் கஷ்டம். ஐந்தோவன் மூணாவது வழி ஒன்றைப் பிடித்தார். 1905ல், லைடன் ஆஸ்பத்திரிக்கும் தன் ஆய்வுகூடத்துக்கும் நடுவே இருந்த 1.5 கிலோமீட்டர் தூரத்தை டெலிபோன் கம்பியால் இணைத்தார். நோயாளி ஆஸ்பத்திரியிலேயே இருந்தார், அவருடைய இதயத்தின் கோடு மட்டும் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நோயாளி போக முடியாத இடத்துக்கு அவருடைய பதிவு போகலாம் என்ற யோசனைக்கு இப்போது 100 வயசுக்கும் மேல். மஸ்கெலியாவில் இருந்து படிக்கும்போது அந்தத் தேதி எங்களுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஐந்தோவனுக்கு 1924ல் நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு 1930களில் அமெரிக்காவின் ஃபிராங்க் வில்சன் மின்வாய்களை நெஞ்சின் மேலேயே வைத்தார். 1938ல் நெஞ்சில் 6 இடங்கள் நிலையாகத் தீர்மானிக்கப்பட்டன. 1942ல் இமானுவேல் கோல்ட்பேர்கர் மேலும் 3 கோணங்களைச் சேர்க்க, இன்று நாம் பார்க்கிற ஈ.சி.ஜி. முழுமையானது. கை காலில் 4, நெஞ்சில் 6 என்று 10 மின்வாய்கள், அதில் இருந்து 12 கோணங்கள். ஒரு மலையை 12 தோட்டத்தில் இருந்து பார்க்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவே ஒரு வரைபடம்தான். 1930ல் வுல்ஃப், பார்கின்சன், வைட் என்ற மூவர், அடிக்கடி படபடப்பு வந்த 11 இளம் வயதினரின் ஈ.சி.ஜி.யில் ஒரே மாதிரியான விசித்திரத்தை விவரித்தார்கள். அது பிறவிக் கள்ளப்பாதையின் அடையாளம் என்று பின்னால் தெரிந்தது. படபடப்பு இல்லாத நேரத்திலும் அந்த அடையாளம் பெரும்பாலும் தாளில் தெரியும். பழகின கண்ணுக்கு அந்த 12 கோணங்களே கள்ளப்பாதை இதயத்தின் எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடும்.

ஆனால் படபடப்பு வந்துபோன பிறகு எந்த அடையாளமும் விட்டுவைக்காத கோளாறுகளும் உண்டு. அதுக்கு என்ன செய்வது? அமெரிக்காவின் மொன்டானாவில் நோர்மன் ஹோல்டர் என்ற இயற்பியலாளர் கருவியை மனிதர் மேலேயே கட்டி அனுப்பினார். 1940களின் கடைசியில் அவர் செய்த முதல் கருவி முதுகில் சுமக்கிற பொதி. எடை 38 கிலோ அளவு. கொழுந்துக் கூடையோடு மேடு ஏறுகிறவர்களுக்கு அந்த எடை என்னவென்று விளக்கத் தேவையில்லை. 1960களில் அது சட்டைக்குள் மறைக்கிற அளவுக்குச் சுருங்கியது. ஹோல்டர் என்ற அவருடைய பெயரிலேயே இன்று ஒரு நாள், இரண்டு நாள் என்று இடைவிடாமல் துடிப்பைப் பதிகிறார்கள்.

உள்ளே போனவர்கள்

இவ்வளவு இருந்தும், கோளாறின் சரியான இடத்தைக் கண்டுபிடிக்க உள்ளே போக வேண்டியிருந்தது. 1968ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வில் சீலி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கள்ளப்பாதைக் கோளாறு இருந்த ஒரு மீனவரின் நெஞ்சைத் திறந்தார். இதயத்தின் மேல் ஒரு மின்வாயை இடம் இடமாக வைத்து, அலை எங்கே முதலில் வருகிறது என்று பார்த்து, அந்த இடத்தை வெட்டி அவரைக் குணமாக்கினார். வரைபடம் கிடைத்தது. அதற்கு விலை, திறந்த நெஞ்சு.

அடுத்த வருஷமே பெஞ்சமின் ஷெர்லாக் குழுவினர், தொடை நரம்பு வழியாக மெல்லிய கம்பிக்குழாயை இதயத்துக்குள் செலுத்தி மின்பதிவு எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய முறை. குழாயின் நுனியால் உள்ளே தொட்டுத் தொட்டு வரைபடம் போட்டு, கோளாறான புள்ளியை அதே குழாயால் சுட்டு அணைப்பார்கள். நல்ல வைத்தியம், ஆயிரக்கணக்கானவர்களைக் குணமாக்கியிருக்கிறது. ஆனால் குழாய் ஒரு நேரத்தில் சில புள்ளிகளைத்தான் தொடும். சில விநாடிகளே வந்து மறையும் கோளாறை அப்படித் தேடுவது சிரமம். குழாய் போடுவதால் வரும் ஆபத்தும் கொஞ்சம் இருக்கிறது. அதனால் பழைய கேள்வி திரும்பி வந்தது: இதையே வெளியில் இருந்து செய்ய முடியாதா?

தண்ணிக்கு மேலே இருந்து கோயிலைச் சொல்வது

1963ல் இத்தாலிய ஆய்வாளர் புரூனோ தக்கார்டி, நெஞ்சும் முதுகுமாக 200க்கும் மேற்பட்ட இடங்களில் மின்னழுத்தத்தை அளந்து வரைபடம் போட்டார். 12 கோணங்களில் தெரியாத மேடு பள்ளங்கள் அதில் தெரிந்தன. ஆனால் அது தோலின் வரைபடம். நமக்கு வேண்டியது இதயத்தின் வரைபடம். தோலுக்கும் இதயத்துக்கும் நடுவே நுரையீரல், எலும்பு, கொழுப்பு எல்லாம் இருக்கின்றன. இதயத்தில் கூராக இருப்பது தோலுக்கு வரும்போது மழுங்கிவிடும்.

மழுங்கியதில் இருந்து கூரானதைத் திரும்பக் கணக்கிடுவதைக் கணிதத்தில் தலைகீழ்ப் புதிர் என்கிறார்கள். இது பொல்லாத புதிர். அளவீட்டில் ஒரு சின்னப் பிழை இருந்தாலும் விடை எங்கோ போய்விடும். அதைக் கட்டுப்படுத்த ரஷ்யக் கணிதவியலாளர் அந்திரேய் திகனோவ் 1960களில் ஒரு வழி கொடுத்தார். விடை அளவீட்டோடு பொருந்தவும் வேண்டும், அளவுக்கு மீறித் தாவவும் கூடாது என்று இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துக் கணக்கிடுவதுதான் அந்த வழி.

இதை இதயத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னால் நின்றவர் யோராம் ரூடி. 1997ல் ரூடியும் தக்கார்டியும் அவர்களுடைய குழுவினரும் வெளியிட்ட பரிசோதனை இப்படி: மனித நெஞ்சு வடிவத்தில் ஒரு தொட்டி, அதில் மின்சாரம் கடத்தும் திரவம், நடுவே உயிரோடு துடிக்கும் ஒரு நாயின் இதயம். தொட்டிச் சுவரின் அளவீட்டில் இருந்து கணக்கிட்டதையும், இதயத்தின் மேலேயே நேராக அளந்ததையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் நெருங்கி வந்தன.

2004ல் அது மனிதருக்கு வந்தது. நேச்சர் மெடிசின் இதழில் வெளியான அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் சாருலதா ராமநாதன். கடைசிப் பெயர் ரூடி. நெஞ்சைச் சுற்றி 224 மின்வாய்கள், கூடவே ஒரு சி.டி. ஸ்கேன். மின்வாய்கள் தோலில் என்ன நடக்கிறது என்று சொல்லும், சி.டி. அந்த ஆளின் இதயம் எந்த வடிவம், தோலில் இருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லும். இரண்டையும் சேர்த்தால்தான் கணக்கு வரும். மவுசாகலைக் கரையில் நிற்கிற தாத்தாவுக்கும் தண்ணி மட்டும் போதாது, சுத்தி உள்ள மலையும் வேணும். அதே மாதிரி. சாருலதாவும் அவருடைய சக ஆய்வாளர் பிங் ஜியாவும் இதைக் கருவியாக்க அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கார்டியோஇன்சைட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 252 மின்வாய்கள் பதித்த ஒரு மேற்சட்டை அங்கிருந்து வந்தது. 2015ல் மெட்ட்ரோனிக் நிறுவனம் அதை வாங்கியது. இந்த முறையின் பலம், ஒரே ஒரு துடிப்பை வைத்தும் முழு இதயத்துக்கும் வரைபடம் போடலாம் என்பது.

2017 டிசம்பரில் இன்னும் ஒரு படி. செயின்ட் லூயிஸில் பிலிப் குக்குலிச், கிளிஃபர்ட் ராபின்சன் ஆகியோரின் குழு, இதயவறையில் ஆபத்தான வேகத்துடிப்பு இருந்த, மற்ற வைத்தியங்களுக்கு அடங்காத 5 பேரை எடுத்துக்கொண்டது. மேற்சட்டையின் வரைபடத்தை வைத்து இடத்தைக் குறித்து, புற்றுநோய்க்குப் பயன்படுத்தும் கதிர்வீச்சை அந்த இடத்துக்கு ஒரே ஒரு முறை செலுத்தினார்கள். கத்தியும் இல்லை, குழாயும் இல்லை. முந்தைய 3 மாதங்களில் 5 பேருக்கும் சேர்த்து 6,577 தடவை வந்திருந்த வேகத்துடிப்பு, சிகிச்சைக்குப் பிந்தைய முதல் 6 வாரங்களைக் கழித்துப் பார்த்தால், அதன் பின் 4 தடவைதான் வந்தது. 83 வயதான ஒருவர் சில வாரங்களில் பாரிசவாதத்தால் இறந்தார் என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

கல்பாக்கத்தில் ஒரு அறை

மின்சாரம் ஓடுகிற இடத்தில் காந்தப்புலமும் இருக்கும். இதயத்துக்கும் உண்டு. ஆனால் அது பூமியின் காந்தப்புலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு. 1963ல் அமெரிக்காவில் போல், மெக்ஃபீ என்ற இருவர், 20 லட்சம் சுற்றுக் கம்பி சுற்றிய சுருள்களை வைத்து அதை முதன்முதலாகப் பிடித்தார்கள். 1969ன் கடைசி நாளில் டேவிட் கோஹன், காந்தம் நுழையாத ஒரு அறைக்குள் ஸ்குயிட் என்ற நுண்ணுணரியை வைத்துத் தெளிவாகப் பதிந்தார். ஸ்குயிட் வேலை செய்ய, திரவ ஹீலியத்தின் குளிர் வேண்டும். அதாவது சைபருக்குக் கீழே 269 பாகை.

இந்த வேலை தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில், அணு உலை ஆராய்ச்சிக்காகத் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்தில், ஸ்குயிட் உணரிகளை அங்கேயே செய்து, காந்தத் தடுப்பு அறை அமைத்து, படிப்படியாக 37 உணரிகள் கொண்ட இதயக் காந்த வரைபடக் கருவியைக் கட்டினார்கள். புதுச்சேரி ஜிப்மரின் இதய வைத்தியர்களோடு சேர்ந்து நோயாளிகளிடமும் பதிவுகள் எடுத்திருக்கிறார்கள். இதில் உடம்பில் எதையும் ஒட்டத் தேவையில்லை. நெஞ்சுக்கு மேலே கருவி நிற்கும், படுத்திருந்தால் போதும். எலும்பும் நுரையீரலும் மின்னழுத்தத்தை மழுக்குகிற அளவுக்குக் காந்தப்புலத்தை மழுக்குவதில்லை. பிரச்சினை ஹீலியமும் அந்த அறையும். விலை அதிகம், எல்லா ஆஸ்பத்திரியிலும் வைக்க முடியாது.

மேற்சட்டைக்கும் குறைகள் இருக்கு. சி.டி.யின் கதிர்வீச்சு, செலவு, இதயத்தின் உட்சுவரைவிட வெளிச்சுவரையே நன்றாகக் காட்டுவது. 2019ல் பிரான்சின் பொர்தோ குழுவினர் 55 நோயாளிகளில் மேற்சட்டையின் வரைபடத்தை நேரடி அளவீட்டோடு ஒப்பிட்டு, பொருத்தம் பல இடங்களில் மிகக் குறைவு என்று எழுதினார்கள். இந்த முறையை நோயாளிகளிடம் அதிகம் பயன்படுத்தி வளர்த்தவர்களில் பொர்தோவும் ஒன்று. தன் கருவியின் குறையைத் தானே அளந்து வெளியிடுவது எங்களுக்குப் பிடித்திருந்தது. "எங்கள் கருவிக்குத் தெரியவில்லை" என்று சொல்வதும் "உனக்கு ஒன்னுமில்ல" என்று சொல்வதும் ஒன்று இல்லை.

சரி, இதுக்கும் நமக்கும்?

1872ல் கோப்பித் தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்வதற்கென்று இலங்கையில் ஒரு சட்டம் வந்தது. அதுக்குப் பிறகு 150 வருஷம் போயிட்டுது. 2017 மே மாதம், இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரி டிக்கோயாவில் திறக்கப்பட்டது. 1990 அம்புலன்ஸ் சேவை இப்போது மலையகத்துக்கும் வருது. முன்னேற்றம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நல்லதண்ணி, சாமிமலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிசனில் படபடப்பு வந்தவர் தார் ரோட்டுக்கு இறங்கவே எவ்வளவு நேரம் ஆகும் என்று நமக்குத் தெரியும். இதயத்தின் கோளாறு அவ்வளவு நேரம் காத்திருக்காது. 252 மின்வாய் மேற்சட்டை கொழும்புக்கே வந்து இறங்கினாலும், அங்கே போகச் சொல்லிக் கடிதம் கொடுக்க முதலில் ஒரு தாளில் அந்தக் கோளாறு பதிவாக வேண்டும். பெரிய வரைபடத்துக்கு முதல் புள்ளி அந்த 10 மின்வாய் ஈ.சி.ஜி.தான்.

அந்த அம்மாவின் கதையை முடிக்கவில்லை. நாலாவது தடவை வந்தபோது அவர் லயத்தில் இருந்தார். பக்கத்து வீட்டுத் தம்பியின் ஆட்டோ வாசலில் நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ஈ.சி.ஜி. எடுக்கும்போது நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நிமிஷத்துக்கு 190. தாளைப் பார்த்த டொக்டர், "அம்மா, இத்தன நாளா எங்க இருந்தீங்க?" என்று கேட்டாராம். அவர் சிரிச்சுக்கிட்டே, "இங்கதாங்க ஐயா வந்துகிட்டு இருந்தேன்" என்றாராம். இப்போது அவருக்குச் சிகிச்சை நடக்கிறது. மாறியது நோய் இல்லை. ஒரு ஆட்டோ.

அதனால் நாங்கள் கேட்பது பெரிய கருவிகளை இல்லை. ஒவ்வொரு தோட்டத்து டிஸ்பென்சரியிலும் ஒரு ஈ.சி.ஜி. கருவியும், அதை எடுக்கப் பழகிய ஒருத்தரும் வேண்டும். அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து நகரத்து இதய வைத்தியருக்கு அனுப்பி, அதே மணித்தியாலத்தில் பதில் வாங்குகிற ஒரு ஏற்பாடு வேண்டும். ஐந்தோவன் 1905ல் கம்பியில் செய்ததுதான் இது. ஹோல்டர் கருவி கேட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கக் கூடாது. ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு வைத்தியர் சொன்ன காலம் முழுக்க அந்தப் பெனிசிலின் ஊசி தவறாமல் கிடைக்க வேண்டும், லயத்துக் காம்பராவுக்கு ஜன்னலும் வேண்டும்.

உங்களால் இன்றைக்கே செய்யக்கூடியதும் இருக்கு. வீட்டில் யாருக்காவது படபடப்போ மயக்கமோ வந்தால், "சும்மா பயம்" என்று முடிவு பண்ணாதீங்க. மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிஷம் எண்ணுங்க, ஒழுங்காக அடிக்குதா என்று பாருங்க, எப்ப தொடங்கி எப்ப அடங்குச்சு என்று எழுதி வையுங்க. அது நடந்துகொண்டிருக்கும்போதே 1990க்கு அடிங்க, இல்லாட்டி கிடைக்கிற வண்டியில் கொண்டுபோங்க. மயக்கமோ நெஞ்சு வலியோ கூட இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீங்க. எடுத்த ஈ.சி.ஜி. தாளைப் படம் எடுத்து, கிளினிக் புத்தகத்தோடு பத்திரமாக வையுங்க. தாளில் ஒன்னும் இல்லை என்று சொன்னால், "மறுபடி வந்தா என்ன செய்யணும், ஹோல்டர் போட முடியுமா?" என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்க.

மெக்கென்சி அந்த ஆலை நகரத்துப் பெண்ணைப் பல வருஷம் விடாமல் பார்த்தார். அப்படிப் பார்த்ததால்தான் ஒரு சின்ன அலை காணாமல் போனது அவர் கண்ணில் பட்டது. நம்ம வீட்டு மனிதர்களை அப்படி விடாமல் பார்க்க நமக்கு டொக்டர் பட்டம் தேவையில்லை.